கருவாடு சுற்றிய கடதாசி

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பேத்தி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல் ஆள் என்று எங்கள் ஊர் உப்புவெளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பெட்டிக்குள் கருவாடும் வைத்தேன், நல்ல சூரைக் கருவாடு.

அங்கே விடுதி வாசலில் குளிருக்குள் நின்று எனக்குப் போனில் கோல் எடுத்தாள்.

“அம்மம்மா, வீட்டு மேசையில கிடந்த விடுதிக் கடதாசி எங்க? அது இல்லாம அறைக் கதவைத் திறக்கிற திறப்புத் தரமாட்டினமாம்.”

“அதிலதான் கருவாடு சுத்தினனான், பிள்ளை.”

பெட்டியைத் தெருவிலேயே திறந்தாள். காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசித்தாராம். அறை கிடைத்தது.

“உங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தா எனக்கு இந்த வெக்கம் வந்திருக்காது” என்றாள். சரிதான், ஆனாலும் இன்னும் கசக்கிறது.

இப்போது எழுத்துள்ள தாளைத் தொடுவதில்லை. கருவாடு சுற்றப் பழைய சேலையைக் கிழித்து வைத்திருக்கிறேன். அனுப்பச் சொல்லி அவள்தான் இன்னும் கேட்கவில்லை.