படிக்காமல் அனுப்பிய கட்டைவிரல்

போன வாரம் தேனியில் கட்டடப் பொறியாளர்கள் கூட்டம் ஒன்று. பத்திரிகையில் பத்தி எழுதுகிற டீச்சர் என்று என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மேடையில் ஓர் இளம் இன்ஜினீயர் திரையில் ஒரு பாலத்தைச் சுழற்றிக் காட்டினார். நிஜப் பாலம் எங்கோ ஆற்றின் மேல் நிற்கிறது. இது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அதன் நகல். பாலத்தில் பதித்த சென்சார்கள் சொல்லச் சொல்ல, அங்கே நடப்பதெல்லாம் இங்கேயும் தெரியும். எந்தத் தூண் அசைகிறது, எங்கே விரிசல் விடப் பார்க்கிறது... எல்லாமே. ‘டிஜிட்டல் ட்வின்’ என்று பெயர். ஆஸ்பத்திரி, அணை, மெட்ரோ என்று இனி எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் இரட்டை வந்துவிடுமாம்.

இங்கே யாராவது இதைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருக்க வேண்டும்.

போடிமெட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. இரண்டு வருஷம் முன்பு அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரைப் புதிதாகக் கட்டினோம். கட்டிக் கொடுத்தது என் தம்பி மகள் சுகன்யா. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தாள். போடியிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை. என் ஸ்டோர்தான் அவளுடைய முதல் வேலை.

சரிவு நிலம். ஸ்டோர் நிற்கும் மேட்டை ஒரு தடுப்புச் சுவர் தாங்குகிறது. சுவருக்குக் கீழே லயம் — தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அதனால்தான் அந்தச் சுவரில் சென்சார் வைத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சுவர் சாய்கிறதா, அதற்குப் பின்னால் மண்ணில் தண்ணீர் எவ்வளவு கட்டுகிறது என்பதெல்லாம் கோவையில் அவள் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அங்கிருந்து என் போனுக்குச் செய்தி வரும். சென்சாருக்கு ஸ்டோர் கூரையில் ஆன்டெனா உண்டு; கீழே லயத்தில் போனுக்கு டவர் கிடைக்காது. மலைக்குக் கீழே இருக்கும் நான் ஜீப்பு டிரைவரிடம் சொன்னால் அடுத்த டிரிப்பில் சேதி மேலே போய்விடும். அதுதான் ஏற்பாடு.

ஆரம்பத்தில் எனக்குப் பெருமைதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் போனைக் காட்டினேன். ஆனால் சாலையில் கனமான லோடு போனால்கூட மஞ்சள் எச்சரிக்கை வரும். பதறிப் போய்க் கூப்பிட்டால், “பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் அத்தே” என்பாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பதறுவது? சத்தம் வராதபடி அமுக்கி வைத்துவிட்டேன். எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். பார்த்ததற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி விடுவேன்.

நீங்களும் அப்படித்தானே? குடும்பக் குரூப்பில் வருவதையெல்லாம் படித்துவிட்டா பூங்கொத்து அனுப்புகிறோம்?

போன ஐப்பசி. மூன்று நாளாக மழை விடவில்லை. நான் ராசிங்காபுரத்தில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் இருந்தேன். பந்தியில் உட்காரும்போது போனை எடுத்தால், சுகன்யாவிடமிருந்து நீளமாக ஒரு செய்தி. கட்டைவிரலைத் தட்டிவிட்டு இலையைப் பார்க்கத் திரும்பினேன்.

மறுநாள் சாயங்காலம் சுவர் சரிந்தது. லயத்தின் கடைசி வீட்டில் பேச்சியம்மாள் இருந்தாள். இருபது வருஷமாக எங்களிடம் காய் எடுப்பவள். காய்ச்சல் என்று சீக்கிரமே திரும்பி வந்து படுத்திருக்கிறாள். கல்லும் சேறுமாக அவள் வலது காலின் மேல் இறங்கிவிட்டது. மற்றவர்கள் தோண்டி எடுத்து, ஜீப்பில் போட்டு, அத்தனை வளைவுகளையும் தாண்டிக் கீழே கொண்டுவந்தார்கள். காலை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னபோது எல்லோரும் அழுதோம். ஆனால் இனி மலை ஏற முடியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அந்தச் செய்தியைப் படித்தேன். தண்ணீர் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகள் மண் அடைத்திருக்கும், கம்பியால் குத்திவிடச் சொல்லுங்கள், அதுவரை கடைசி இரண்டு வீட்டிலும் யாரும் இருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள். அடியில் என் கட்டைவிரல்.

அந்த நேரம் பார்த்து என் தம்பி, கோவையிலிருந்து ஓடி வந்திருந்த தன் மகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். இத்தனை மெஷினை மாட்டி என்ன பிரயோசனம், ஒரு சுவர் விழப் போவதைச் சொல்லத் தெரியவில்லையே என்று ஊரே கேட்கும்படி கத்தினான். சுகன்யா என்னைப் பார்த்தாள். நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

அவ்வளவுதான் செய்தேன். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

தங்கள் ஸ்டோருக்கும் இப்படி வைத்துத் தரச் சொல்லியிருந்த இரண்டு பேர் வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள். அவள் போடியில் பார்த்து வைத்திருந்த ஆபீஸ் இடத்தை விட்டுவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டாள். பொங்கலுக்கும் வரவில்லை.

தேனிக் கூட்டம் முடிந்ததும் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். போனை அவன் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

“அன்னைக்கிலருந்து எம் புள்ளைகிட்ட நான் மொகங்கொடுத்துப் பேசல அக்கா” என்றான். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டான்.

சுகன்யாவை அங்கிருந்தே கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? அன்றைக்கே உன் அப்பாவிடம் நீ இதைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

“நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன் அத்தே” என்றாள்.

பிறகு அவளே ஆரம்பித்தாள். ஒரே ஆளின் கைக்குச் சேதி போகும்படி அமைத்தது தன் தப்பு. ஸ்டோரிலேயே அபாயச் சங்கு ஊதும்படி வைத்திருக்க வேண்டும். சரிந்த இடத்தில் எழுப்பப்போகும் புதுச் சுவருக்கு அப்படித்தான் செய்யப் போகிறாளாம். என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னாளா, வேலையைப் பற்றித்தான் சொன்னாளா... தெரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.

மறுநாள் ஜீப்பு பிடித்து மேலே போனேன். பேச்சியம்மாள் இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறாள். காலை நீட்டித்தான் உட்கார முடியும். பக்கத்தில் உட்கார்ந்து, சேதி வந்ததையும் நான் படிக்காததையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஒரு வார்த்தை வந்திருந்தா நானே கம்பியக் கொண்டாந்து குத்திவிட்டுருப்பேனே டீச்சரம்மா. அர மணி நேரச் சோலிதான அது?”

ஆமாம் என்றேன். அவள் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த குவியலை எடுத்தாள்.

திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இறங்கி வந்திருப்பேன்.