மாயாபந்தரில் நின்றுவிட்ட டச்சு அலமாரி

அறுபதுகளின் கடைசியில், மழைக்காலம் முடியும் முன்பே நான் அந்தமானின் வடக்கிலுள்ள மாயாபந்தருக்குக் கிளம்பியதற்குக் காரணம் என் அக்கா செசிலி. மீன்பிடிக்கப் போன அத்தான் படகோடு காணாமல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. போர்ட் பிளேயர் பக்கம் கராச்சர்மாவில் என் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினேன். வருகிறேன், ஆனால் அம்மா சீராகக் கொடுத்த அலமாரியும் வரவேண்டும் என்றாள். அலமாரிதானே என்று நினைத்தேன். பார்த்து வருஷக்கணக்கானதில் அதன் பருமன் மறந்துபோயிருந்தது.

அப்போது சாலை முழுதாக வரவில்லை. போர்ட் பிளேயரில் காலை ஆறு மணிக்குக் கப்பல். நடுவில் ரங்கத் துறையில் ஆள் இறக்கி மாயாபந்தர் சேர இருட்டிவிட்டது. வழியெல்லாம் மழை. வேடிக்கை பார்க்கும் மனநிலையும் எனக்கு இல்லை.

இறங்கும்போதே கப்பல் கலாசியிடம் அலமாரியின் அளவைக் கை விரித்துக் காட்டினேன்.

"இத்னா படா நஹி சடேகா. கோல்கே லாவ்."

முழுதாக ஏற்ற முடியாது, பிரித்துக் கொண்டுவா என்கிறார். மறுநாள் மதியம் அதே கப்பல் திரும்புகிறது.

அலமாரி நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. தாத்தா ஏலத்தில் எடுத்தாராம். கதவுகளில் நீலச் சாடியும் பேர் தெரியாத சிவப்புப் பூக்களும் தீட்டியிருக்கும். மேலே செதுக்கிய திராட்சைக் கொத்தை அம்மா நற்கருணைத் திராட்சை என்பாள். தீவு ஈரத்தில் வண்ணம் உரிந்து, பூக்களுக்குச் சொறி பிடித்திருந்தது.

காலையில் பிரிக்க உட்கார்ந்தேன். ஓர் ஆணி கிடையாது, எல்லாம் மர முளைகள். முகப்பு கழன்றது, கதவுகள் கழன்றன. அக்காவே தன் சேலைகளை எடுத்து டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். இனி கீழ்த்தட்டை உருவினால்தான் பக்கப் பலகைகள் விடும். அதில் அத்தானின் சட்டைகளும் வேட்டியும், நீலம் போட்டு மடித்தபடி இருந்தன.

"அதுல கைய வைக்காத தம்பி."

"ஆறு மாசம் ஆச்சுக்கா."

"வரமாட்டாருன்னு எனக்கும் தெரியுது. இன்னிக்கு அத எடுக்க மாட்டேன்."

"வேற என்னிக்கு எடுப்ப?"

சட்டைகளை மட்டும் பெட்டியில் வைக்கிறேன் என்றேன், தலையாட்டவில்லை. அலமாரியை விட்டுவிட்டு நீயாவது வா என்றேன், அதற்கும் இல்லை. ஒரு மரச்சாமானிடம் அவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததில்லை. கடைசியில் நானே கதவுகளைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, துறைக்கு நடந்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் இடம் பிடியுங்கள், கீழே டீசல் நாற்றம். பழைய மரச்சாமான் வாங்கினால் கால்களை மண்ணெண்ணெய் டப்பாவில் நிறுத்துங்கள், இல்லையென்றால் கரையான் தின்றுவிடும். யாரையாவது அழைத்துவரப் போகிறீர்கள் என்றால், திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காதீர்கள். நான் இரண்டாக எடுத்து வைத்திருந்தேன். ரங்கத்தில் ஏறிய ஒருவர் என் பக்கத்து இடத்தைக் காட்டி, காலியா என்று கேட்டார். ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன்.