வேலிக்கு இந்தப் பக்கம் சொன்னது

"…உங்களுக்குச் சொன்னனான். உங்கடை போனுக்குச் சொல்லேல்லை," என்றாள் மனைவி.

குசினி வாசலில் நின்றாள். கையில் தேங்காய் துருவும் துருவலை, அதன்மேல் கத்தி. பக்கத்து வீட்டுச் சாவின் எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சமையலுக்கு உதவப் போனவள், போன கையோடு திரும்பி வந்திருந்தாள். நான் செய்த வேலையால்தான். ஆனாலும் அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது, 'என்ன அருமையான பேச்சு' என்பதுதான். மேசையில் கிடந்த போனை நோக்கி என் கை போனது.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. சைக்கிள் கடை வைத்திருந்தவன். பஸ்ஸில், சந்தையில், சலூனில் யார் என்ன சொன்னாலும் காதில் ஒட்டிக்கொள்ளும். அதையெல்லாம் முகநூலில் எழுதத் தொடங்கினேன். அதற்கென்றே ஒரு படமும் எடுத்துப் போட்டேன். வெங்காயத் தோட்டத்தில், தோளில் மண்வெட்டியோடு நான். தோட்டம் வேறொருவருடையது, மண்வெட்டியும் அவருடையதுதான். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சனம், 'அண்ணை, உங்கடை எழுத்திலை எங்கடை மண் மணக்குது' என்று எழுதியது. அந்த மணத்திலேயே கொஞ்சக் காலம் நடந்து திரிந்தேன்.

எழுதியதில் பாதிக்கு மேல் மனைவி குசினியில் சொன்னது. அதில் எனக்கொரு வழக்கம் இருந்தது. கேட்பவர் தலையாட்டுகிற பேச்சென்றால் என்னுடையதாகப் போடுவேன். யாருக்காவது சுடுமென்றால், 'என்ரை மனுசி சொல்லுது' என்று தொடங்குவேன். 'அக்காவிட்டைக் கவனம் அண்ணை' என்று சனம் சிரிக்கும். அந்த அக்காவுக்கு முகநூலே இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா நெடுங்காலம் படுக்கையில் கிடந்து காலமானார். மகள்தான் பார்த்தாள். மகன் கனடாவில். செத்த வீட்டை அவன் லைவில் பார்த்தான். செத்த வீட்டிலிருந்து வந்த என் மனைவி கிணற்றடியில் முழுகிக்கொண்டு சொன்னாள்: "தாய் கிடையிலை கிடக்கேக்கை எட்டிப் பாக்காத மோனுக்கு மறைக்குதெண்டு, கமராக்காரன் பாடை தூக்கிற ஆக்களையெல்லோ தள்ளி விடுறான்."

அடுத்த வாளியை இழுத்தபடி, "பாவம், விசா இல்லாதவன், அவனும் என்ன செய்யிறது. இதையெண்டாலும் பாக்கட்டும்," என்றாள்.

முதல் பாதியை, 'என்ரை மனுசி சொல்லுது' என்று தொடங்கிப் போட்டேன். இரண்டாம் பாதி சேர்ந்தால் சிரிப்பு வராது. ஊரின் பெயர் இல்லை, ஆளின் பெயர் இல்லை, ஆகவே பிழையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரோ அதை அந்த மகனுக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

எட்டுச் செலவன்று சமைக்கப் போன என் மனைவியை வாசலில் மகள் மறித்தாள். "குறை நினையாதையுங்கோ அக்கா. தம்பி இண்டைக்கும் லைவிலை இருக்கிறான். உங்கடை முகத்தைக் கண்டால் தாங்கமாட்டான்."

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி. அதில் ஒரு பொட்டு உண்டு, ஆள் குனிந்து போகிற அளவுத் திறப்பு. இத்தனை காலமும் அதற்குள்ளால்தான் இந்த இரண்டு பேருக்குமிடையில் கறிச்சட்டி கைமாறியது.

வந்தவள், "என்ன போட்டனீங்கள்? வாசியுங்கோ," என்றாள்.

வாசித்தேன்.

"மிச்சம் எங்கை?"

"அவ்வளவுதான் போட்டது."

"பாவமெண்டு நான் சொல்லேல்லையோ?"

"சொன்னனீர்."

"மற்றதுகளையும் வாசியுங்கோ."

ஒவ்வொன்றாக வாசித்தேன். தன்னுடைய பேச்செல்லாம் என் படத்துக்குக் கீழே இருந்து வருவதை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"தோட்டக்காரர் நல்லாத்தான் கதைக்கிறார்," என்றாள். "அப்ப கடிக்கிறதுக்கு மட்டும் நானோ?"

போனை மேசையில் வைத்தேன். "அழிச்சுப்போடுறன் என்னப்பா. மன்னிப்புக் கேட்டும் ஒண்டு எழுதுறன்."

"அதுக்கும் லைக் போடுவினமோ?"

"நான் கெட்ட எண்ணத்திலை செய்யேல்லை. நீர் சொன்னதைத்தானே…"

"ஓம், சொன்னனான்தான். உங்களுக்குச் சொன்னனான். உங்கடை போனுக்குச் சொல்லேல்லை."

அப்போதுதான் என் கை போனை நோக்கிப் போனது. பாதி வழியில் நிறுத்தினேன். ஆனால் அவள் கண்டுவிட்டாள். எதற்குப் போகிற கை என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

துருவலையோடு பின்வளவுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். பொட்டுக்குள்ளால் குனிந்து அந்தப் பக்கம் இறங்கினாள். கமரா முன் விறாந்தையில் படையலைப் பார்த்து நின்றது. பின்னால் அடுப்படிக்கு அது எட்டாது. அங்கே துருவலையைப் போட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, உடைத்த தேங்காய்ப் பாதி ஒன்றை இவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

இவள் அதை எடுக்கவில்லை. எழும்பி, வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்ற இடத்துக்கு நேரே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், சரிந்து கிடந்த கிடுகை அந்தப் பக்கத்திலிருந்தே இழுத்துப் பொட்டை மூடினாள்.