ஆடி அமாவாசையும் மாஹிம் கடலும்

கடலில் ஜோடியாக முழுகினால் பிள்ளை பிறக்கும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. என் மாமியார் சொன்னார். அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லையே என்று தாராவிக்கே தூக்கம் போயிருந்தது. ஆடி அமாவாசையன்று புருஷன் வேட்டி நுனியையும் பெண்டாட்டி முந்தானையையும் சேர்த்து முடிந்து, கடலில் மூன்று முழுக்குப் போடுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். திருச்செந்தூரில் செய்ததை பம்பாயில் செய்தால் என்ன, கடல் கடல்தானே!

அது மாஹிம் கடலுக்குத்தான் தெரியவில்லை. கொட்டுகிற மழைக்காலம். அமாவாசைக்கு அலை வேறு ஆளுயரம் எழுந்தது. மீனவர்களின் படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. அடுத்த பௌர்ணமிக்குக் கடலில் தேங்காய் போட்டுக் கும்பிடும்வரை அவர்கள் இறங்க மாட்டார்கள்.

"சோம்பேறிப் பயலுவ," என்றார், தோல் பட்டறையில் வேலை பார்த்த என் கணவர்.

படகடியில் இருந்த மீனவர் ஒருவர் எழுந்து, "மத் ஜாவ், பானி கராப் ஹை!" என்று கத்தினார். போகாதே, கடல் சரியில்லை என்று அர்த்தம்.

"ஹம் திருச்செந்தூர் வாலா ஹை!" என்றார் இவர். அரபிக்கடல் நடுங்கியிருக்கும். தனக்கு நீச்சல் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மாமியார் முடிச்சை இறுக்கிப் போட்டார். "அவுந்துராமப் பாத்துக்கட்டி. அவுந்தா குடும்பத்துக்கு ஆவாது."

"நீங்களும் வாங்களேன், அத்தை."

"எனக்கு இருமலுட்டி."

முதல் முழுக்குப் போட்டோம். இரண்டாவதற்குக் குனிந்தபோது அலை எங்களைச் சுருட்டிப் போட்டது. திரும்பிய தண்ணீர் அவரை இழுக்க, முடிச்சு என்னை இழுத்தது. எழுந்து நிற்கும்போதெல்லாம் குப்புற விழுந்தேன். அவர் தலை மறைந்தது. ஐயோ, இவர் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் நின்றால்தானே அவரைப் பிடிக்க முடியும் என்று, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். கால் ஊன்றியது. வேட்டி நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். அந்த மீனவரும் இன்னொருவரும் ஓடிவந்து, அவரைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள்.

"பாகல் ஹை க்யா?" என்று கேட்டார்கள். பைத்தியமா என்பது நியாயமான கேள்விதான்.

மணலில் கிடந்து உப்புத் தண்ணீராகக் கக்கிய மகனின் முதுகைத் தடவிக்கொண்டே மாமியார் என்னை முறைத்தார். "முடிச்ச எவ அவுத்தா? இனி எங்கட்டி பிள்ள பொறக்கும்?"

நான் வாய் திறக்கும் முன் இவர் தலையைத் தூக்கினார். "எம்மா, பேசாம இரு. அவ அவுக்கலன்னா ஒனக்கு மவனே கெடையாது."

மூன்று வருஷத்தில் எனக்காக அவர் தன் அம்மாவிடம் பேசிய முதல் பேச்சு அது. அதற்கு மனுஷர் அரைக் கடலைக் குடிக்க வேண்டியிருந்தது.