ஆகாயப் புறம்போக்கு

மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் புகையும் பழம்பொரி பொரியும் மணமும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றும் நிலா ஞாபகம் வரும். கரமனை ஆற்றோரத்து டீக்கடை அக்காவின் மணம் அது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஆற்றுப் புறம்போக்கில் ஓலை சாய்த்துக் கடை போட்டிருந்தாள். போதுமா என்று கேட்கமாட்டாள். இந்த ஊர் மலையாளிகளைப் போல, "மதியா?" என்பாள்.

எதிரே எங்கள் சீனியர் வக்கீலின் அலுவலகம். நான் அவருடைய ஜூனியர். அவருக்குச் சோறு போட்டது சிவில் வழக்கு. உயிர் என்னவோ விண்வெளிச் சட்டத்தில். நிலவில் எந்த நாடும் இறங்கலாம், எந்த நாடும் வேலி போடக்கூடாது என்ற உடன்படிக்கையைச் சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். எண்பதுகளின் நடுவில், கிழக்கேகோட்டையில் ஒரு கூட்டம். சனங்களுக்குப் புரியட்டும் என்று ஒரு சொல்லைப் பிடித்தார். "நிலா பொறம்போக்காக்கும். யாருக்கும் பட்டா கிடையாது. அதனாலே எல்லாருக்கும் சொந்தம். எந்த சர்க்காரும் யாரையும் அங்கேருந்து வெளியே எறக்கி விட முடியாது." கைதட்டல். டீ கொண்டுவந்திருந்த அக்கா தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அந்தச் சொல்லில் அவளுக்குத் தெரிந்தது நிலா இல்லை.

அடுத்த மாதம் ஆற்றோரத்தை அளக்க வந்தவர்கள், தானாகக் காலி செய்தால் சந்தைப் பக்கம் இடம் தருவதாகச் சொன்னார்கள். மற்றக் கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவள் போடவில்லை. "வக்கீல் சாரு மைக்குல சொல்லியாச்சு. பொறம்போக்குலேருந்து யாரையும் எறக்கி விட முடியாது, கேட்டியளா" என்று அவர்களுக்கே டீ கொடுத்து அனுப்பினாளாம். எங்களிடம் வந்து கேட்கவில்லை. கேட்டாயிற்று என்றுதான் அவள் நினைப்பு.

கடையை இடித்த காலையில் சீனியர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஏழை நாடுகளுக்கு நிலவில் என்ன பங்கு என்பதுதான் அவர் வாசிக்கப்போகும் கட்டுரை. அக்கா இடுப்பில் ஸ்டவ்வோடு வாசலில் நின்றாள். சந்தை இடமும் போய்விட்டது. விஷயம் புரிந்ததும் அவர் முகம் வெளுத்தது.

"அய்யோ, அது ஆகாசத்துக்குச் சொன்னதாக்கும், அம்மா. பூமியிலே பொறம்போக்குன்னா சர்க்காருக்குத்தானே சொந்தம்."

திரும்பி வந்ததும் ஒரு மனு போட்டுப் பார்க்கலாம் என்றார். வெளியே டாக்சி ஹாரன் அடித்தது.

இப்போது சில நாடுகள், நிலவில் தோண்டியது தோண்டியவனுக்கே என்று சட்டம் எழுதிக்கொண்டுவிட்டன. ஆற்றோரத்தில் அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எங்கிருந்தோ பழம்பொரி மணம் மட்டும் வந்து தொலைக்கிறது. அவள் அன்று திட்டியிருந்தால் என்றோ மறந்திருப்பேன். ஸ்டவ்வை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சிரித்த முகமாகவே சொன்னாள்:

"போயிட்டு வாங்க சாரே. அங்கன எனக்கும் ஒரு எடம் சொல்லி வைங்க. இந்த ஸ்டவ்வு கொள்ளுற அளவுக்கு இருந்தா மதி."