நாளுக்கு ஒன்பது லீற்றர்

போன கிழமை கொழும்பில் ஒரு பெரிய கந்தோருக்குப் போயிருந்தேன். வாசலிலேயே ஒரு திரை. கட்டடம் அந்த நிமிடம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது, எந்த மாடி வீணடிக்கிறது — எல்லாம் பச்சையும் சிவப்புமாய் ஓடிக்கொண்டிருந்தது. பொறுப்பான தம்பி பெருமையோடு சொன்னார்: "மனிசர் மறைச்சாலும் தரவு மறைக்காது, சேர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி கோபிக்கக்கூடாது. இந்தக் கையாலேயே மறைத்தவன் நான்!

அது சண்டைக் காலம். மன்னார்ப் பக்கம், விடத்தல்தீவில் ஒரு நிவாரண நிறுவனத்தின் கிளைக்கு நான் பொறுப்பாளர். கரண்ட் கிடையாது. ஒரேயொரு ஜெனரேற்றர். கந்தோர், பக்கத்து அறைக் கிளினிக், அங்கே பிள்ளைகளின் தடுப்பூசி மருந்து இருந்த பிறிட்ஜ் — எல்லாம் அதை நம்பித்தான். டீசலுக்குக் கட்டுப்பாடு; மாதாமாதம் மன்னாரில் இராணுவத்திடம் பெர்மிற் எடுக்கவேண்டும்.

தலைமையகம் ஒரு கொம்பியூட்டர் அனுப்பியது. ஜெனரேற்றர் எத்தனை மணித்தியாலம் ஓடியது, எவ்வளவு குடித்தது என்று தினமும் அடித்தால், எங்கே வீண்போகிறது என்று அது சொல்லுமாம். ஜெனரேற்றர்காரர் எழுதித் தந்த கணக்கை இரண்டு விரலால் ஒரு மாதம் தட்டினேன். வரைபடத்தைத் திறந்தால்... நேர்கோடு! நாளுக்கு ஒன்பது லீற்றர். பெல்ற் அறுந்து ஜெனரேற்றர் படுத்துக்கிடந்த அன்றும் ஒன்பது.

ஜெனரேற்றரைப் பார்த்துக்கொண்டவர் முத்தையா. மலையகத்திலிருந்து வந்து வெள்ளாங்குளத்தில் குடியேறியவர். கூப்பிட்டேன்.

"ஓடாத மெஷின் எப்படி ஒன்பது லீற்றர் குடிச்சது?"

"பெர்மிட்டு நாளைக்கு ஒம்பதுக்குத்தானுங்களே சார்."

"நான் கேட்டது குடிச்சதை."

"கொறைச்சு எழுதினா அடுத்த மாசம் பெர்மிட்டையே கொறைச்சிருவாங்க. அது என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு? பிந்துற அந்தப் பத்து நாளும் பிரிட்ஜை வாயால ஊதியா குளுர வைக்கிறது?"

பெர்மிற் பிந்தும் நாட்களில் மருந்தைக் காப்பாற்றியது அவர் மிச்சம்பிடித்த டீசல். எனக்கு மட்டும் தெரியாது. பொறுப்பாளர் அல்லவா!

"அப்ப உண்மையான அளவு?"

மடியிலிருந்து ஒரு நோட்டுக் கொப்பியை எடுத்தார். எத்தனை மணிக்கு யார் எதைப் போட்டார்கள் என்று எல்லாம் இருந்தது. 'போட்டோகொப்பி — ரெண்டு தாளுக்கு முக்கால் மணி.' 'பெரிய சார் ஃபேன் — ஆள் இல்லை.' 'பெரிய சார் ஃபேன் — ஆள் தூக்கம்.'

பெரிய சார் நான்தான்.

கிளினிக் நேர்ஸ் திரேசம்மா கொப்பியை எட்டிப் பார்த்தார். "உங்கட ஃபேன்தான் சேர் முதலாமிடம். கொம்பியூட்டர் இரண்டாமிடம்."

அந்தக் கொப்பியை வைத்துத்தான் மாற்றினோம். பிறிட்ஜுக்காக ஜெனரேற்றர் ஓடும் நேரத்திலேயே போட்டோகொப்பி, கொம்பியூட்டர் எல்லா வேலையும். எனக்கு ஒரு பனையோலை விசிறி. கொப்பியில் ஏழரையாக இருந்தது, ஆறானது.

கொம்பியூட்டரில் என்ன அடிப்பது? அதன் பிரதி பெர்மிற் விண்ணப்பத்தோடும் போகும். என் விரல் ஆறுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது... ஒன்பதைத் தட்டினேன்.

பொய்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள் — குறைத்துச் செலவழித்தேன் என்று சொல்பவனிடம் 'அப்படியானால் உனக்குக் குறைவாகவே போதும்' என்றால், அவன் நாளைக்கு என்ன சொல்வான்? எவ்வளவு கெட்டிக்கார மெஷினாக இருந்தாலும், நாங்கள் பயப்படாமல் சொல்லக்கூடியது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அடுத்த பெர்மிற் பதினேழு நாள் பிந்தியது. பிறிட்ஜ் ஒரு நாளும் நிற்கவில்லை. பக்கத்து அகதி முகாம் பிள்ளைகள் குறித்த நாளில் ஊசி போட்டுக்கொண்டு, ஊரே கேட்க அழுதார்கள்.

ஆறு மாதம் கழித்துத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. 'எரிபொருள் சேமிப்பில் உங்கள் கிளை எந்த முன்னேற்றமும் காட்டவில்லை. பொறுப்பாளரின் அக்கறையின்மை கவலைக்குரியது.'

திரேசம்மா கேட்டார், "இது உங்களுக்கு வேணுமோ சேர்?"

"பிரேம் போடவோ? நீங்களே வைச்சிருங்கோ."

அவர் கடிதத்தை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பிறிட்ஜின் ஒரு காலுக்குக் கீழே செருகினார். சரிவால் எப்போதும் மயிரிழை விலகியே நிற்கும் கதவு, இறுக்கமாக மூடிக்கொண்டது. மறுநாள் முத்தையாவின் கொப்பியில் இன்னும் கால் லீற்றர் குறைந்திருந்தது.

தலைமையகம் எங்களுக்கு அனுப்பியவற்றில், டீசலை உண்மையாகவே மிச்சப்படுத்தியது அந்தக் கடிதம் ஒன்றுதான்.