கட்டார் மச்சானின் பெயர்

கட்டாரில் கம்பனி ஆட்களைக் குறைத்ததில் என் கணவரும் வீடு வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வருடமாக வருடத்துக்கு ஒரு மாதம் வந்துபோன மனிதர், இப்போது நாள் முழுக்க வீட்டில். முதல் வாரம் அழுதேன். இரண்டாம் வாரம் அவர் என் குசினி அலுமாரியை அடுக்கிவைத்தார். சீனிப் போத்தலைத் தேடி அலைந்ததில் அழுகையெல்லாம் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. முறையாகப் பதிந்து வெளிநாடு போனவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி உண்டென்று யாரோ சொல்ல, விண்ணப்பம் எடுத்தோம். அது கிடைத்தால்தான் அவளை விடுதியில் விட்டுப் படிப்பிக்கலாம். கடைசி நாளன்றுதான் எல்லாத் தாளும் சேர்ந்தது. ஒன்றுதான் குறை. தகப்பனும் மகளும் ஒரே வீட்டில் இருப்பதாகக் கிராம உத்தியோகத்தர் கையெழுத்து வைக்க வேண்டும்.

எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். விலாசம் மட்டும் அவருடைய உம்மா வீட்டிலேயே தங்கிவிடும். இவருடைய பாஸ்போட்டும் அடையாள அட்டையும் இன்னும் என் மாமி வீட்டு விலாசத்தில்தான். அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் கையெழுத்து என்றார் உத்தியோகத்தர். ஊருக்குப் புதியவர், கண்டிப்பானவர்.

விசாரிக்க வந்த நேரம் நான் குசினிக்குள். பெயரை வாசித்துக் கேட்டதற்கு எங்கள் சின்னத் தெருவில் மூன்று வீட்டிலும் ஒரே பதில். முன்வீட்டு ராத்தா சத்தியம் செய்யாத குறை. "அப்பிடி ஒரு ஆள் இந்த ஒழுங்கையிலயே இல்ல சேர்."

ராத்தாவைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாண நாள் தொடக்கம் ஒழுங்கைக்கு இவர் கட்டார் மச்சான்தான்.

நான் வாசலுக்கு ஓடிவரும்போது உத்தியோகத்தர் பைலை மூடிவிட்டார். மகள் முகம் வெளுத்துப்போய்க் கதவோரம் நின்றாள். "இஞ்சதான் இருக்கார் சேர், அவர்" என்றேன். "அவரெண்டா ஆரு?" என்றார். கூரைமேல் தண்ணீர்த் தாங்கி கழுவிக்கொண்டிருந்தவரை "இஞ்சப் பாருங்க" என்று கூப்பிட்டேன். தாங்கிக்குள் இறங்கித் தேய்க்கிறவருக்கு எங்கே கேட்கும்? கேட்டாலும், ஒழுங்கையில் எல்லாப் பெண்களும் புருஷனைக் கூப்பிடுவது அப்படித்தான்.

புருஷனின் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. விண்ணப்பத்தில்கூட மகள்தான் எழுதினாள். உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் ஏறினார். வெட்கம் பார்த்தால் பிள்ளையின் படிப்பு போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு, பாஸ்போட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் ஒழுங்கை அதிரக் கத்தினேன்.

தாங்கிக்குள்ளிருந்து தலை வந்தது. பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிட்டதுபோல "ஓம்" என்றார்.

"இது நம்மட கட்டார் மச்சான்தானே" என்று ராத்தா சிரித்தார். உத்தியோகத்தருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்தே கையெழுத்துப் போட்டார். மகள் தாளைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

இவர் நனைந்தபடி இறங்கி வந்து என்னையே பார்த்தார்.

"அங்க நம்பரச் சொல்லித்தான் கூப்பிடுவானுகள். இஞ்ச வந்தா மச்சான். இன்னொருக்காச் சொல்லு."

தேத்தண்ணி ஆறுகிறது என்று உள்ளே போய்விட்டேன். கோப்பையைக் கையில் கொடுக்கும்போது, மெதுவாகச் சொன்னேன்.